ஆம்ஸ்டர்டாம் கால்வாய் வீடுகள்: கேமராவுடன் நடப்பவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆம்ஸ்டர்டாமில் எடுத்து வரும் படங்களில் பாலம், மிதிவண்டி, பூக்கூடை எல்லாம் பளிச்சென்று இருக்கும். பின்னால் நிற்கும் வீடுகள் மட்டும் இருண்டோ, மரக்கிளைக்குள் ஒளிந்தோ, பின்பக்கம் விழப்போவதுபோலச் சரிந்தோ கிடக்கும். பார்க்க வேண்டியவை அந்த வீடுகள்தான். 1613இல் வெட்டத் தொடங்கிய மூன்று பெரிய கால்வாய்களின் கரைகளில், சதுப்பு நிலத்தில் மரத்தூண்களை இறக்கி அவற்றின்மேல் செங்கல்லால் எழுப்பியவை அவை. இந்தக் கால்வாய் வட்டாரம் 2010இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

விலையுயர்ந்த கேமரா கட்டாயமில்லை. எந்த வீட்டை எந்த நேரத்தில், எந்தக் கரையில் நின்று பார்ப்பது என்று தெரிந்திருந்தால் போதும். இந்த வழிகாட்டியில் பாதி அதைப் பற்றியது.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

சுற்றுலா நிறுவனங்கள் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு வரை வரச் சொல்லும். கட்டடக்கலைக்காக வருகிறவர் அதைக் கேட்க வேண்டாம். கால்வாய்க் கரைகளில் வரிசையாக எல்ம் மரங்கள் நிற்கின்றன. மே மாதம் அவை இலைவிட்டு மூடிக்கொண்டால், இரண்டாம் மாடிக்கு மேலே ஒன்றும் தெரியாது. டச்சு வீட்டின் அழகு முழுவதும் உச்சியில் இருப்பதால் இது சின்ன இழப்பல்ல.

என் தேர்வு மார்ச். கிளைகள் வெறுமையாக இருக்கும், பகல் ஓரளவு நீண்டிருக்கும், கூட்டம் குறைவு. அடுத்தது நவம்பர். டிசம்பரில் சூரியன் காலை 8.45 வாக்கில் எழுந்து மாலை 4.30க்கெல்லாம் இறங்கிவிடும், நண்பகலிலும் அடிவானத்திலிருந்து 14 பாகைதான் உயரும். வெளிச்சம் நாள் முழுவதும் சாய்வாக விழுவதால் செங்கல்லின் சொரசொரப்பு நன்றாகத் தெரியும். ஆனால் எதிர்க்கரை வீடுகளின் நிழல் இந்தக் கரை வீடுகளின் இடுப்பளவு ஏறிவிடும். ஜூனில் காலை 5.20 முதல் இரவு 10 மணிவரை வெளிச்சம் உண்டு, கூடவே இலைகளும் உண்டு.

மழையைக் கண்டு அறைக்குள் இருந்துவிடாதீர்கள். நனைந்த செங்கல் நிறம் கூடும். மேகமூட்டத்தில் நிழலும் வெயிலும் முட்டிக்கொள்ளாமல் முகப்பு முழுவதும் ஒரே சீராகப் பதிவாகும்.

இரண்டாம் படி: வீட்டு எண்ணிலிருந்து வெயிலைக் கணியுங்கள்

இதை ஒருமுறை புரிந்துகொண்டால் நகரத்தில் எங்கே நின்றாலும் கைகொடுக்கும். மூன்று பெரிய கால்வாய்களின் பெயர்கள், உள்ளிருந்து வெளியே: ஹேரன்கிராக்ட், கைசர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட். மூன்றும் பழைய நகரத்தை மேற்கிலும் தெற்கிலும் அரைவட்டமாக வளைத்துச் செல்கின்றன. வீட்டு எண்கள் வடமேற்கே பிரவுவர்ஸ்கிராக்ட் பக்கத்தில் தொடங்கி, ஆம்ஸ்டல் ஆற்றை நோக்கி ஏறுகின்றன. ஒற்றைப்படை எண்கள் நகரின் மையத்தை ஒட்டிய உட்கரையில். இரட்டைப்படை எண்கள் வெளிக்கரையில்.

கால்வாய்கள் ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடும் மேற்குப் பகுதியில், இரட்டைப்படை வீடுகள் கிழக்கு பார்த்தவை. அவற்றுக்குக் காலை வெயில். எதிரே உள்ள ஒற்றைப்படை வீடுகள் மேற்கு பார்த்தவை. மதியத்துக்கு மேல்தான் அவற்றின் முகம் தெளியும். லைட்சகிராக்ட் என்ற குறுக்குக் கால்வாயைத் தாண்டியதும் எல்லாம் கிழக்கே திரும்பிவிடுகின்றன. அங்கே ஒற்றைப்படை வீடுகள் தெற்கு பார்த்து, நாளின் பெரும்பகுதி வெயில் வாங்கும். இரட்டைப்படை வீடுகள் வடக்கு பார்த்தவை. கோடையின் அதிகாலையையும் மாலையையும் விட்டால் நிழல்தான். அந்த வரிசைக்கு மேகமூட்டமான நாளை ஒதுக்குங்கள்.

முதல் நாள் மாலையே விடுதி அறையில் அமர்ந்து, பார்க்க விரும்பும் வீடுகளின் எண்களைக் காலை, மாலை, மேகம் என்று மூன்றாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். அதுவே உங்கள் நடைத்திட்டம்.

மூன்றாம் படி: எதிர்க்கரையில் நில்லுங்கள், கேமராவை நிமிர்த்தாதீர்கள்

வீட்டின் காலடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் சுவர்கள் மேலே போகப்போகக் குறுகும். கால்வாய் குறுக்கே இருப்பது நமக்குக் கிடைத்த வசதி. எதிர்க்கரைக்குப் போய்விட்டால் முகப்புக்கும் உங்களுக்கும் சுமார் 40 மீட்டர் இடைவெளி கிடைக்கும். முழுச் சட்டகக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 35 மி.மீ. லென்ஸைப் பொருத்தி, நெடுக்குவாக்கில், தரைக்கு இணையாகப் பிடியுங்கள். கண்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 20 மீட்டர் உயரம் சட்டகத்துக்குள் வரும். வழக்கமான கால்வாய் வீடு அதற்குள் அடங்கிவிடும். கீழ்ப்பாதியில் தண்ணீரும் பிம்பமும் வரும். வேண்டாமென்றால் பிறகு வெட்டிவிடலாம். கைபேசியின் வழக்கமான லென்ஸ் இதைவிட அகலம் என்பதால் கவலையே இல்லை. திரையில் கட்டக்கோடுகளை இயக்கி, நடுக்கட்டத்தின் மையத்தை எதிரே நிற்பவரின் கண்மட்டத்தில் வைத்துக்கொண்டால் சமநிலை தானாக அமையும்.

உச்சி வேலைப்பாட்டுக்கு 200 மி.மீ. அளவு நெருக்கம் தேவை. ஒரு லென்ஸ்தான் தூக்க முடியும் என்றால் 24-105 போன்றதை எடுத்துக்கொள்ளுங்கள். மிக அகன்ற லென்ஸை இந்த நகரத்துக்குச் சுமந்து வருவது வீண் என்பது என் கருத்து.

வெளிச்ச அளவில் ஒரு சிக்கல் உண்டு. அடர்ந்த செங்கல், அதில் வெள்ளைச் சன்னல் சட்டங்கள். சட்டகம் முழுவதும் செங்கல்லாக இருந்தால் கேமரா அதை வெளிறச் செய்துவிடும், வெள்ளைச் சட்டங்கள் எரிந்துபோகும். கேமராவின் வெளிச்ச அளவை முக்கால் ஸ்டாப் (வெளிச்ச அளவின் அலகு) குறையுங்கள். சாம்பல் வானம் அதிகம் வந்தால் நேர்மாறாகக் கூட்டுங்கள். பிம்பம் வேண்டுமென்றால் சுற்றுலாப் படகுகள் கிளம்புமுன் போய்விட வேண்டும். பாலத்தின்மேல் முக்காலி வைத்து நீண்ட நேரப் படம் எடுப்பவர்கள், டிராம் கடக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும், பாலமே அதிரும்.

இன்னொன்று. இங்கே பல வீடுகள் உண்மையிலேயே சாய்ந்தவை. முன்பக்கச் சாய்வு வேண்டுமென்றே கட்டியது: உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் உத்திரத்தில் கப்பி மாட்டி, சரக்கையும் மேசை நாற்காலியையும் மேலே இழுக்கும்போது சுவரில் உரசாமல் இருக்க. படிக்கட்டுகள் அவ்வளவு குறுகல். இன்றும் வீடு மாறுகிறவர்கள் சாமான்களைச் சன்னல் வழியாகத்தான் ஏற்றுகிறார்கள். பக்கவாட்டுச் சாய்வுக்குக் காரணம் வேறு, அடித்தளம் இறங்கியது. மரத்தூண்கள் சுமார் 12 மீட்டர் ஆழத்தில் மணல் படுகையில் ஊன்றி நிற்கின்றன. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும்வரை அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. நிலத்தடி நீர் இறங்கிக் காற்றுப் பட்டால் தலைப்பகுதி அழுகும். ஆகவே கணினியில் படத்தைத் திருத்தும்போது வீட்டுச் சுவரை அளவுகோலாக வைத்து நிமிர்த்தாதீர்கள். கேமராவின் சமநிலைக் குறியை நம்புங்கள். லென்ஸ் உண்டாக்கிய சரிவை நீக்கலாம்; வீட்டுக்கே உரிய சரிவை நீக்கினால் அது பொய்ப் படம்.

நான்காம் படி: மேலிருந்து கீழாகப் படியுங்கள்

படம் எடுக்குமுன் உச்சியைப் பாருங்கள். கூரையின் முன்னால் எழும் முகட்டுச் சுவரின் வடிவம், வீட்டின் காலத்தை ஏறக்குறைய சொல்லிவிடும். இருபுறமும் படிப்படியாக ஏறினால் படி முகடு. சுமார் 1600 முதல் 1665 வரை கட்டியது. நடுவில் உயரமான செவ்வகம் நிமிர்ந்து, இரு தோள்களிலும் சிற்ப வேலைப்பாடு நிரம்பியிருந்தால் கழுத்து முகடு. 1640களில் பரவி 18ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதி வரை நீடித்தது. தோள்கள் வளைந்து கோயில் மணியின் வெளிக்கோட்டைப்போல இறங்கினால் மணி முகடு. 1660களிலிருந்து 1790 வரை. கவிழ்த்த புனல்போல அலங்காரமில்லாமல் இருப்பது பெரும்பாலும் கிடங்கு. உச்சியில் முகடே இல்லாமல் நேர்கோடாக ஒரு பிதுக்கம் மட்டும் ஓடினால் 18, 19ஆம் நூற்றாண்டுகளின் நாகரிகம். பல வீடுகளில் பழைய முகட்டை இடித்துவிட்டு அதை வைத்தார்கள்.

அடுத்து சன்னல். ஈயப் பட்டைகளில் சின்னச் சின்னக் கண்ணாடி பதித்த, சிலுவைபோலப் பிரித்த சன்னல் 17ஆம் நூற்றாண்டுக்குரியது. மேலே தூக்கும் சன்னல், பல சிறு கட்டங்களுடன், 18ஆம் நூற்றாண்டு. பெரிய ஒற்றைக் கண்ணாடி 19. முகடு ஒரு காலம், சன்னல் இன்னொரு காலம் என்று முரண்படுவதே இங்கே இயல்பு. அப்படிப்பட்ட வீடுகளைத் தேடி எடுங்கள். செங்கல் சுவரில் தெரியும் இரும்புக் கொக்கிகள் தரை உத்திரங்களைச் சுவரோடு பிணைப்பவை. சில வீடுகளில் அவற்றையே கட்டிய ஆண்டின் இலக்கங்களாக வடித்திருப்பார்கள்.

கடைசியாகக் கதவுக்கு மேலே உள்ள சின்னக் கற்பலகை. வீட்டு எண்கள் 1790களில் பிரெஞ்சு ஆதிக்கத்தின்போதுதான் வந்தன. அதற்குமுன் வீட்டின் அடையாளம் இந்தச் சிற்பம்தான்: மீன், கப்பல், பேனா பிடித்த கை, உரிமையாளரின் தொழில். இவற்றை வெயிலில் எடுக்காதீர்கள், வண்ணம் தட்டையாகிவிடும்.

ஐந்தாம் படி: முதல் நாள், காலையில் ஹேரன்கிராக்ட்

மைய ரயில் நிலையத்திலிருந்து மேற்கே நடந்து பிரவுவர்ஸ்கிராக்டுக்கு வாருங்கள். மதுவடிப்பவர்களின் கால்வாய் இது. பழைய கிடங்குகளின் பெரிய மரக்கதவுகள் மாடிக்கு மாடி அப்படியே இருக்கின்றன. உள்ளே இன்று குடியிருப்புகள். ஹேரன்கிராக்டின் மாளிகைகளைவிட எனக்கு இந்தக் கிடங்குகள்தான் பிடிக்கும். அலங்காரத்தைக் கழித்துவிட்டால் டச்சுக் கட்டடம் எவ்வளவு சுத்தமான வடிவம் என்பது இங்கேதான் தெரிகிறது.

அங்கிருந்து ஹேரன்கிராக்டின் ஒற்றைப்படைக் கரையில் தெற்கே நடந்தபடி எதிர்க்கரையைப் பாருங்கள். 168ஆம் எண், கட்டடக் கலைஞர் பிலிப்ஸ் பிங்போன்ஸ் 1638இல் வடிவமைத்தது. கழுத்து முகட்டின் தொடக்க கால உதாரணம், சாம்பல் வெண்மையான மணற்கல் முகப்பு. அதை ஒட்டியே 170-172, சுமார் 1617இல் எழுந்த பார்டொலோட்டி மாளிகை, கட்டடக் கலைஞர் ஹென்ட்ரிக் டி கைசரின் பாணி. சிவப்புச் செங்கல், வெள்ளைக் கல் பட்டைகள், சுருள்கள், தூண்கள், கூம்புகள். இருபது ஆண்டு இடைவெளியில் ரசனை எப்படி அடங்கியது என்பதைக் காட்ட இரண்டையும் ஒரே சட்டகத்தில் வையுங்கள். பார்டொலோட்டியின் முகப்பு கால்வாயின் வளைவைப் பின்பற்றி நடுவில் மெல்ல மடிகிறது. நேர் எதிரே நின்றால் அது தெரியாது. சில அடிகள் பக்கவாட்டில் நகருங்கள்.

மேலும் தெற்கே 364-370: நான்கு கழுத்து முகடுகள் வரிசையாக, 1660களின் தொடக்கத்தில் அதே பிங்போன்ஸ் கிராம்ஹவுட் குடும்பத்துக்குக் கட்டியவை. காலை பத்து மணிக்குள் இங்கே வந்துவிடப் பாருங்கள்.

அதற்கப்பால் உள்ள 'தங்க வளைவு', லைட்சஸ்ட்ராட், பைசல்ஸ்ட்ராட் ஆகிய தெருக்களுக்கு இடைப்பட்ட பகுதி. இரண்டு மனைகளைச் சேர்த்து வாங்கியவர்களின் அகன்ற மாளிகைகள். வரலாறு பெரியது, படம் சுமார்தான். தட்டையான முகப்புகள், முன்னால் கார்கள். ஆனால் அதைத் தாண்டி 502ஆம் எண்ணில் நில்லுங்கள். இன்று மேயரின் அதிகாரபூர்வ இல்லமான இது 1672இல் பவுலஸ் கோடின் என்பவருக்காகக் கட்டியது. அவர் அடிமை வணிகத்தில் ஈடுபட்ட மேற்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர். அதை நினைவூட்டும் பலகை வாசலில் பதித்திருக்கிறது. அதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கரைகளின் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் கட்டடக்கலையின் ஒரு பகுதிதான்.

ஆறாம் படி: அதே நாள் மதியம், பழைய நகரம்

ஸ்பவ் சதுக்கத்துக்கு அருகில் பெகைன்ஹோஃப் என்ற அமைதியான முற்றம். அதன் 34ஆம் எண், 16ஆம் நூற்றாண்டில் கட்டியதாகக் கருதப்படும் மர வீடு. நகரின் மையத்தில் எஞ்சியுள்ள இரண்டே இரண்டு மர முகப்புகளில் ஒன்று. 1421இலும் 1452இலும் நிகழ்ந்த பெருந்தீக்களுக்குப் பிறகு மரச்சுவர்களை நகரம் படிப்படியாகத் தடைசெய்தது. இன்று செங்கல் நகரமாக இருப்பதற்கு அந்த நெருப்புகளும் ஒரு காரணம். நாட்டில் கட்டடக்கல் கிட்டத்தட்ட இல்லை என்பது மற்றொன்று. முற்றத்தில் பெண்கள் குடியிருக்கிறார்கள். பேச்சைக் குறைத்து, சன்னல்களை விட்டுவிட்டு, பொதுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறுங்கள். இரண்டாவது மர வீடு ஜேடைக் தெருவின் முதல் எண்.

டாம் சதுக்கத்தின் அரண்மனை கிழக்கு பார்த்தது, மதியம் போனால் முகம் இருண்டிருக்கும். யாக்கோப் பான் காம்பன் வடிவமைப்பில் 1648இல் நகர மன்றமாகத் தொடங்கியது. 13,659 மரத்தூண்கள் அதைத் தாங்குகின்றன. 1808இல்தான் அரண்மனையானது. வெளியே நின்று எடுப்பதைவிட உள்ளே போய்ப் பளிங்குத் தரையில் பதித்த உலக வரைபடங்களைப் பார்ப்பது மேல்.

பிறகு கிழக்கே, ஆவுட ஹோக்ஸ்ட்ராட் தெரு. 22ஆம் எண் சுமார் 2 மீட்டர் அகலமே உள்ள வீடு. அடுத்த வாசல் வழியாக உள்ளே போனால் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலக முற்றம். 1606இல் கட்டியது, இப்போது பல்கலைக்கழகத்தின் வசம். பழவேற்காடு, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் ஆகிய இடங்களின் கோட்டைகளையும் துணி வணிகத்தையும் பற்றிய முடிவுகளில் பங்கெடுத்த இயக்குநர்கள் கூடிய இடம். சோழமண்டலக் கரையிலிருந்து வருகிறவருக்கு இந்த முற்றம் வெறும் செங்கல்லாகத் தெரியாது. இங்கே எதிர்க்கரை இல்லை. மூலையில் முதுகைச் சாய்த்து, அகலவாக்கில் எடுங்கள்.

சில நிமிட நடையில் கிளோபனியர்ஸ்பர்க்வல் 29, டிரிப்பன்ஹவுஸ். ஆயுத வணிகர்களான டிரிப் சகோதரர்களுக்காக 1660-62இல் கட்டியது. புகைபோக்கிகளைப் பீரங்கி வடிவில் வைத்தார்கள். மேற்கு பார்த்தது, ஆகவே பிற்பகல். எதிர்க்கரையில் 26ஆம் எண்ணில் இரண்டரை மீட்டர்கூட இல்லாத 'சின்ன டிரிப்பன்ஹவுஸ்' நிற்கிறது.

திரும்பும் வழியில் 1306இல் அர்ப்பணித்த ஆவுட கெர்க் தேவாலயம். சுற்றிலும் சிவப்பு விளக்குப் பகுதி. சன்னல்களில் நிற்கும் பெண்களைப் படம் எடுக்கவே கூடாது. தேவாலயக் கோபுரத்துக்காகத் தூக்கியதாக இருந்தாலும், தெருவில் கேமராவை இறக்கிக்கொள்வது நல்லது.

ஏழாம் படி: இரண்டாம் நாள், பிற்பகலும் இரவும்

காலையில் நன்றாகத் தூங்குங்கள். மதியத்துக்கு மேல் கைசர்ஸ்கிராக்டின் இரட்டைப்படைக் கரையில் நின்று 123ஆம் எண்ணைப் பாருங்கள். 1622இல் கட்டிய 'தலைகளின் வீடு'. முகப்பில் ரோமானியத் தெய்வங்களின் ஆறு தலைகள். இங்கேதான் நீண்ட லென்ஸ் வேலைக்கு வரும்.

அடுத்து பிரின்சன்கிராக்டைத் தாண்டி யோர்டான். கைவினைஞர்களுக்காக அமைந்த பகுதி என்பதால் தெருக்கள் குறுகல், வீடுகள் சிறியவை. பிளூம்கிராக்ட் 87-91இல் மூன்று படி முகடுகள் ஒரே அச்சில் வார்த்ததுபோல நிற்கின்றன, 1642ஆம் ஆண்டு. கற்பலகைகளில் நகரவாசி, நாட்டுப்புறத்தான், கடலோடி. எகெலன்டியர்ஸ்ட்ராட் 52இல் எழுதும் கை. கதவு திறந்திருந்தால் முதியோருக்கான பழைய அறக்கட்டளை முற்றங்களுக்குள் எட்டிப் பார்க்கலாம். பெகைன்ஹோஃப் விதிகளே இங்கேயும்.

நடக்கும்போது சிவப்பு நிறப் பாதையில் மட்டும் நின்றுவிடாதீர்கள். அது மிதிவண்டிக்காரர்களுடையது, மணி அடிப்பார்கள், வேகத்தைக் குறைக்க மாட்டார்கள். திரைச்சீலை போடாத சன்னல்கள் இங்கே வழக்கம், அழைப்பு அல்ல. வாசற்படிகளும் படகு வீடுகளின் மேல்தளமும் தனியார் இடம்.

அந்தி நேரத்துக்கு ரெகுலியர்ஸ்கிராக்டும் ஹேரன்கிராக்டும் சந்திக்கும் மூலைக்கு வந்துவிடுங்கள். தெற்கே பார்த்தால் ஏழு கல்பாலங்களின் வளைவுகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். பகலில் வெயில் எதிரே அடிக்கும். விளக்குகள் எரியத் தொடங்கி, வானத்தில் நீலம் மிச்சமிருக்கும் நேரமே சரி. கேமரா எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு வளைவுகள் வரிசையில் சேரும். மாலைப் படகுச் சவாரியில் முன்வரிசை கிடைத்தால் இன்னும் நல்லது.

எட்டாம் படி: படங்களுக்கு எண் எழுதுங்கள்

ஒவ்வொரு வீட்டையும் எடுத்ததும் கதவு எண்ணை ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஊர் திரும்பியபின் எல்லா முகடுகளும் ஒன்றுபோலத் தெரியும். கோப்பின் பெயரில் கால்வாயும் எண்ணும் இருக்கட்டும், தேதியைவிட அது பயன்படும். ஆம்ஸ்டர்டாம் நகர ஆவணக் காப்பகத்தின் இணையப் படத்தொகுப்பில் தெருவையும் எண்ணையும் கொடுத்துத் தேடினால், பல வீடுகளின் 19ஆம் நூற்றாண்டுப் புகைப்படங்கள் கிடைக்கின்றன. ஹேரன்கிராக்ட், கைசர்ஸ்கிராக்ட் இரண்டுக்கும் இன்னும் பின்னால் போகலாம்: காஸ்பர் பிலிப்ஸ் என்ற செதுக்கோவியர் 1768-71இல் இரு கால்வாய்களின் வீட்டு முகப்புகளையும் வரிசையாக வரைந்திருக்கிறார். உங்கள் படத்தை அந்த ஓவியத்துக்கு அருகில் வைத்து, முதலில் முகட்டையும் பிறகு சன்னல் கட்டங்களையும் கடைசியாக வாசற்படியையும் ஒப்பிடுங்கள். எது இடிந்தது, எதை மாற்றினார்கள், எது அப்படியே நிற்கிறது என்று அந்த வரிசையிலேயே குறித்துக்கொண்டு போகலாம்.